ரெமிஜியஸின் இடது கை

முப்பதாவது நிமிடத்தில் ரெமிஜியஸின் கை வந்தது.

முதலில் மணிக்கட்டில் ஒரு சூடு. பிறகு விரல்கள் தாமாகவே விரிந்தன. ஜெசிந்தாவின் இடது கை சுக்கானை விட்டு இறங்கி, முழங்காலுக்குப் பக்கத்தில் சுவரோடு ஒட்டியிருந்த திருகைப் பிடித்தது. 'இடது' என்ற குறியிலிருந்து 'வலது' என்ற குறிக்குத் திருப்பியது. கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தியது. பிறகு சாதுவாகச் சுக்கானுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது.

அந்தக் கட்டைவிரல் அழுத்து அவளுடையது இல்லை. பதினாறு வருடமாக விமானம் ஓட்டுகிறாள், அப்படி அழுத்த அவளுக்குத் தோன்றியதே இல்லை. அது ரெமிஜியஸ் செய்வது. அவர் இறந்து இரண்டு வருடம் முடிந்திருந்தது.

"வந்துட்டுப் போயிட்டாரு போல" என்றார் பக்கத்து இருக்கையில் இருந்த தாணுமாலயன். ஜெசிந்தாவின் இடது கையில் முழங்கை வரை மாட்டியிருந்த கையுறையைச் செய்தவரே அவர்தான். நாகர்கோவில்காரர். வானத்தில் ஓடும் இயந்திரத்துக்குக் கருவி செய்கிறவருக்கு வானம் என்றால் பயம். ஏறியதிலிருந்து இருக்கையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தபடியே வந்தார்.

"கருவி செஞ்சவிய நீங்களே இப்படி நடுங்குனா மத்தவிய என்ன செய்வாவ?"

"நான் தரையில இருந்து வேலை செய்யுதவனாக்கும், கேப்டன். எனக்கு மேல வரணும்னு யாதொரு ஆசையும் கிடையாது. தெக்கே கேம்பல் பேயில நாலு கையுறை மக்கர் பண்ணுதுன்னு கம்பெனிக்காரனுவ என்னை இதுல ஏத்தித் தள்ளி விட்டுட்டானுவ."

கீழே கடல். போர்ட் பிளேரிலிருந்து தெற்கே நிக்கோபார் வரைக்கும் கடல்தான். தீவுக்குத் தீவு மருந்தும் தபாலும் ஆட்களும் கொண்டுபோக நாற்பத்தொரு சிறு விமானங்கள் இருந்தன. எல்லாம் ஒற்றை எஞ்சின். எண்ணெய் இரண்டு இறக்கைகளிலும் இருக்கும், ஆனால் எஞ்சின் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்திலிருந்துதான் குடிக்கும். அரை மணிக்கு ஒரு தடவை ஓட்டுபவர் திருகை மாற்ற வேண்டும். மறந்தால் ஒரு இறக்கை கனத்து விமானம் சாயும். ரொம்ப மறந்தால், ஒரு பக்கம் தொட்டி நிறைய எண்ணெய் இருக்கும்போதே எஞ்சின் பட்டினியால் நின்றுவிடும். அப்படி நின்று கடலுக்குள் போனவர்கள் ஒருவர் இருவர் இல்லை.

திருகைத் தானாக மாற்றும் கருவிகளைப் போட்டுப் பார்த்தார்கள். உப்புக்காற்றில் மூன்றே மாதத்தில் இறுகிக்கொண்டன. கையால் திருப்பும் பித்தளைத் திருகுதான் உப்புக்கு அசராமல் நின்றது. திருகைத் தானியங்கி ஆக்க முடியவில்லை. சரி, கையைத் தானியங்கி ஆக்கிவிடலாம் என்று முடிவு செய்தார்கள்.

அதுதான் கைப்பழகி. முழங்கை வரை வரும் மெல்லிய உறை. உள்ளே தலைமுடி போன்ற இழைகள். ஒருவருடைய கைப்பழக்கத்தைப் பதிவு செய்து, இன்னொருவருடைய தசையைத் தூண்டி அதே வேலையைச் செய்யவைக்கும். விமானம் தரையை விட்டதும் பூட்டிக்கொள்ளும், தரையைத் தொட்டால்தான் கழலும். ஒரே ஒருவருடைய பழக்கப்பதிவுதான் நாற்பத்தொரு கையுறைகளிலும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு தடவைகூடத் திருகை மறக்காத ஓட்டுநர் என்று பெயர் எடுத்த ரெமிஜியஸின் பழக்கம். அது வந்த பிறகு யாரும் கடலுக்குள் போகவில்லை. எண்ணெய் மீட்டரைப் பார்ப்பதையும் எல்லோரும் விட்டுவிட்டார்கள். பார்த்து என்ன ஆகப்போகிறது, கைக்குத்தான் தெரியுமே.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றாள் ஜெசிந்தா. "ரெமிக்கு, அவியளுக்கு, இது என் கைன்னு தெரியுமா?"

தாணுமாலயன் அவளைத் திரும்பிப் பார்த்தார். "இல்லம்மா. அதுல ஆள் கிடையாது. வெறும் தசையோட வரிசையாக்கும். பாட்டு இல்லாத தாளம்னு வச்சுக்கிடுங்க."

"அப்ப அது புதுசா மட்டும் எப்படிக் கத்துக்கிடுது? போன மாசம் எல்லாருக்கும் திருகு கொஞ்சம் வேகமாத் திரும்புச்சே."

"அது சின்ன விதி. எங்கியாவது எஞ்சின் நின்னு மறுபடி ஓடிச்சுன்னா, அந்த நேரத்துல கை என்ன செய்ததோ அதுதான் ஆளைக் காப்பாத்துனதுன்னு பதிவு எடுத்துக்கிடும். அடுத்த நிமிஷம் நாப்பத்தோரு கைக்கும் போயிரும். ஒருத்தன் பிழைச்ச வழி எல்லாருக்கும் வேணும்லா?"

அறுபதாவது நிமிடத்தில் கை மறுபடி வந்து, வலதிலிருந்து இடதுக்கு மாற்றிவிட்டுப் போனது. ஜெசிந்தா அந்த நேரத்தில் எப்போதும் பேசமாட்டாள். கோயிலில் மணி அடிக்கும்போது பேச்சை நிறுத்துகிற மாதிரி. சக ஓட்டுநர்களுக்கு அது ஒரு கருவி. அவளுக்கோ அரை மணிக்கு ஒரு தடவை புருஷன் வந்து பார்த்துவிட்டுப் போகிற நேரம். இதற்காகவே அவள் நீண்ட பயணங்களாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள். விடுமுறை எடுப்பதில்லை. தரையில் இருந்தால் கை வராது.

கார் நிக்கோபார் தீவைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தபோது தாணுமாலயன் வலது பக்க ஜன்னலைத் தட்டினார்.

"கேப்டன், இறக்கைல இருந்து ஏதோ புகை போவுது. அது அப்படித்தான் போவுமா?"

ஜெசிந்தா எட்டிப் பார்த்தாள். புகை இல்லை. வலது இறக்கையின் மேல், எண்ணெய் ஊற்றும் வாயிலிருந்து வெள்ளையாக ஒரு வால் நீண்டு பின்னால் பறந்துகொண்டிருந்தது. மூடியைச் சரியாகத் திருகாமல் விட்டிருக்கிறார்கள். புறப்பட்டதிலிருந்தே காற்று எண்ணெயை உறிஞ்சி வெளியே தள்ளியிருக்கிறது. ரொம்ப நாளைக்குப் பிறகு மீட்டரைக் குனிந்து பார்த்தாள். வலது தொட்டியின் முள் அடியில் படுத்துக் கிடந்தது.

"வலதுல ஒண்ணும் இல்ல" என்றாள். "ஆனா நாம இடதுல ஓடிக்கிட்டிருக்கோம். இடதுல நிறைய இருக்கு. முன்னால கமோர்ட்டா தீவுல இறங்கிரலாம்."

"அப்பப் பயமில்லையே?"

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். எண்பத்தோராவது நிமிடம்.

தாணுமாலயனுக்குப் புரிய நாலைந்து நொடி ஆனது.

"தொண்ணூறுல அது வலதுக்குத் திருப்பும்."

"கழட்டுங்க இதை."

"மேல கழலாது. கழலக் கூடாதுன்னுதானே செய்தேன். அரிக்குதுன்னு ஒருத்தன் கழட்டி வச்சுட்டு மறந்துட்டான்னுதானே..." அவர் மடியில் இருந்த, கையுறைகளுக்கு உத்தரவு அனுப்பும் ஆணைப்பலகையை எடுத்துத் தட்டினார். "ஒரு கையுறையை மட்டும் இங்கேர்ந்து நிறுத்த முடியாது. எல்லாம் ஒரே பதிவு, அழிச்சா மொத்தமாத்தான் அழியும்."

"அவிய மீட்டரைப் பாத்துட்டுத்தான் திருப்புவாவ" என்றாள் ஜெசிந்தா. "ஒவ்வொரு தடவையும். ரெண்டு முள்ளையும் பாத்து, வாய்க்குள்ள ஒரு தடவை சொல்லிட்டுத்தான் கையை எடுப்பாவ. நான் பக்கத்துல உக்காந்து ஆயிரம் தடவை பாத்திருக்கேன். இதுல மட்டும் ஏன் அது இல்ல?"

தாணுமாலயன் கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நாங்க பதிவு எடுத்தது ஆஸ்பத்திரியிலல்லா."

அவளுக்குத் தெரியும். அவள்தான் கையெழுத்துப் போட்டாள். மூளைக்காய்ச்சலில் நினைவு தப்பிப் பதினோரு நாள் கிடந்தார் ரெமிஜியஸ். கண் திறக்கவில்லை, பேச்சில்லை. ஆனால் அரை மணிக்கு ஒரு தடவை அவருடைய இடது கை மட்டும் எழுந்து, கட்டிலின் இரும்புக் கம்பியைத் திருகிவிட்டு, கட்டைவிரலால் அழுத்திவிட்டுப் படுத்துக்கொள்ளும். செவிலியர்கள் அதைப் பார்த்து அழுதார்கள். கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு அழவில்லை, உறையை எடுத்து வந்து மாட்டினார்கள். நினைப்பு கலக்காத சுத்தமான பழக்கம், இந்த மாதிரிப் பதிவு முழித்திருக்கிற ஆளிடம் கிடைக்காது என்றார்கள். அவளுக்கு அந்தப் பேச்சு விளங்கவில்லை. கை மட்டுமாவது இருக்கட்டும் என்றுதான் நினைத்தாள். ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். என் வாயால் நான் சொல்லாமல் இதை அழிக்கக் கூடாது.

கண் மூடிக் கிடந்தவருடைய கை. அது எதையும் பார்த்ததே இல்லை.

"சுக்கானைப் பிடிங்க" என்றாள்.

"யாரு, நானா?"

"வேற யாரு இருக்கா இங்க? நேரா வைங்க. மூக்கு ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. அவ்வளவுதான்."

"எம்மா, எனக்கு சைக்கிளே ஒழுங்கா வராது."

"பிடியும்வே!"

பிடித்தார். தொண்ணூறாவது நிமிடத்துக்கு முன்பே அவள் தன் இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து மேலே உட்கார்ந்துகொண்டாள். மணிக்கட்டில் சூடு வந்தது. விரல்கள் விரிந்தன. சொந்தத் தசையே தனக்கு எதிராகத் திமிறுவது எப்படி இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. தோள் கழன்றுவிடும் போல வலித்தது. கை புழு மாதிரி நெளிந்து வெளியே வந்தது. வலது கையால் அமுக்கினாள். அது அவளை உதறிவிட்டு நேராகத் திருகுக்குப் போய், வலது பக்கம் திருப்பி, கட்டைவிரலால் அழுத்தியது.

எஞ்சின் ஒரு தடவை இருமியது. பிறகு நின்றது.

அந்தச் சத்தமின்மை இரண்டு பேரையும் அறைந்தது. காற்று மட்டும் ஊளையிட்டது. விமானம் மூக்கை இறக்கியது. தாணுமாலயன் தன் ஊர் சாமிகளை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார்.

ஜெசிந்தா வலது கையைக் குறுக்கே நீட்டித் திருகை இடதுக்குத் திருப்பினாள். குழாயில் எண்ணெய் ஏறி வர ஏழெட்டு நொடி வேண்டும். அதற்குள் இடது கை மறுபடி எழுந்தது. திருகு திரும்பி வந்துவிட்டால் வேலை முடியவில்லை என்றுதான் அதற்குக் கணக்கு. மறுபடி வலதுக்குத் திருப்பியது. அவள் மறுபடி இடதுக்கு. அதுவும் விடுவதாக இல்லை. கடல் பெரிதாகிக்கொண்டே வந்தது. அலைகளின் மேலே நுரை தனித்தனியாகத் தெரிந்தது.

"ரெமி, விடுங்க" என்று கத்தினாள். "காலி அது! பாக்கக் கூடாதா?"

கைக்குக் காது இல்லை.

மூன்றாவது தடவை அது எழுந்தபோது அவள் சண்டை போடவில்லை. என்ன செய்கிறோம் என்று யோசிக்கவும் இல்லை. அந்தப் பதினோரு நாளும், கட்டில் கம்பியில் தோல் உரிந்து ரத்தம் வருகிறதே என்று, கை எழும்போதெல்லாம் அவள் தன் வலது கையை நடுவில் கொடுப்பாள். விரலுக்குள் விரல் கோத்துக்கொள்வாள். கம்பியைத் தேடி வந்த கை அவள் கையைப் பற்றிக்கொண்டு அப்படியே அடங்கிவிடும். அதே மாதிரி இப்போதும் கோத்தாள்.

கை நின்றது. அவளுடைய இடது கை அவளுடைய வலது கையைப் பற்றியது. கட்டைவிரல் அவள் புறங்கையில் ஏறி ஒரு தடவை மெல்ல அழுத்தியது.

திருகு இடதிலேயே நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினாள். ஐந்தில் எஞ்சின் இருமியது. ஏழில் பிடித்துக்கொண்டது.

"தூக்குங்க, மெதுவா... மெதுவா!" தாணுமாலயன் அழுதுகொண்டே சுக்கானை இழுத்தார். கடல் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போனது.

விமானம் நேரானது. பிறகு தாணுமாலயன் சொன்னார், "கையை விடுங்கம்மா. வந்து இதைப் பிடிங்க. என் கால் ரெண்டும் இப்ப எங்கே இருக்குன்னே தெரியலை."

"ஒரு நிமிஷம்."

"அதை எப்படி விடுவிக்கணும்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும். இழுத்தா விடாது. நம்ம கை முதல்ல தளரணும். தளந்தா அதுவும் விட்டுரும்."

"அப்ப விடுங்களேன்."

"கொஞ்ச நேரம் இருக்கட்டுமே" என்றாள் ஜெசிந்தா. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்க அவளுக்குக் கை இல்லை.

அப்போது ரேடியோவில் ஒரு குரல் கேட்டது. ஹஸீனா. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகாத பெண், வடக்கே டிக்லிப்பூரிலிருந்து விமானம் ஓட்டி வந்துகொண்டிருந்தாள்.

"யாராச்சும் கேக்குறீங்களா? என் கை திருகுக்குப் போகலைங்க. இன்னொரு கையைப் புடிச்சுக்கிச்சு. விட மாட்டேங்குது. நான் தனியா இருக்கேன், சுக்கானைப் புடிக்க முடியலை..."

தாணுமாலயன் ஜெசிந்தாவைப் பார்த்தார். "எஞ்சின் நின்னுது. மறுபடி ஓடிச்சு. அந்நேரம் கை என்ன செய்துட்டிருந்ததோ, அதுல்லா எல்லாருக்கும் போயிருக்கு."

இரண்டு கையும் கோத்தபடி அவள் மடியில்தான் கிடந்தன.

அவள் வலது கையைத் தளரவிட்டாள். பற்று ஒவ்வொரு விரலாக விலகியது. சுக்கானை வாங்கிக்கொண்டு ரேடியோவில் பேசினாள். "ஹஸீனா, ஜெசி அக்கா பேசுதேன். இழுக்காதே. வலது கை செத்துப்போன மாதிரி தளர விடு. முழங்காலால சுக்கானைத் தாங்கிக்கோ."

பத்து நொடி இரைச்சல். "விட்டுருச்சுக்கா! யா அல்லா... விட்டுருச்சு."

அந்நேரம் இவர்களுடையதைத் தவிர வானத்தில் பத்தொன்பது விமானங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரத்தில் புறப்பட்டவை. ஒவ்வொன்றுக்கும் அதன் முப்பதாவது நிமிடம் வரும். அடுத்து வந்தது வேலாண்டி அண்ணாச்சிக்கு. தபால் விமானம் ஓட்டும் ஆள். வயது அறுபதைத் தொட்டவர். வீட்டில் சமைக்கக்கூட ஒருவரும் இல்லாதவர். அவர் பயந்து கூப்பிடவில்லை. ஜெசிந்தாதான் அவரைக் கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, உங்க கை என்ன செய்யுது?"

"என்னட்டி சொல்ல" என்றது வேலாண்டியின் குரல், சாவகாசமாக. "யாரோ என் கையைப் பிடிச்சுக்கிட்டு இருக்காவ. வெதுவெதுன்னு இருக்கு."

"தளர விடுங்க. ஓடுற தொட்டி காலியாகப் போகுது. காலைலேர்ந்து பறக்கிய நீங்க."

"இருக்கட்டும்ட்டி. எத்தனை வருசம் ஆச்சு தெரியுமா."

"அண்ணாச்சி!"

"சத்தம் போடாதே. விட்டுரப் போகுது."

அவருடைய எஞ்சின் இருமுவது ரேடியோ வழியாகவே கேட்டது.

"அம்மா," என்றார் தாணுமாலயன். ஆணைப்பலகையை அவள் வாய்க்கு அருகில் நீட்டியிருந்தார். "பதிவை அழிச்சா எல்லாக் கையும் ஒரே நேரத்துல விட்டுரும். உங்க குரல் இல்லாம அழியாது. ஒத்த வார்த்தை. ஆனா ஒண்ணு, அழிச்சா அழிச்சதுதான். அவரு வேற எங்கயும் இல்லை."

ஜெசிந்தா தன் இடது கையைப் பார்த்தாள். வேலாண்டியின் எஞ்சின் இரண்டாவது தடவை இருமியது. அவள் ஒரு மூச்சு எடுத்து விட்டாள். அந்த ஒரு மூச்சு தனக்கு எவ்வளவு நீளமாக இருந்தது என்பதை அவள் பிறகு யாரிடமும் சொல்லப்போவதில்லை.

"அழிங்க."

முழங்கையிலிருந்து விரல் நுனி வரை ஒரு குளிர் ஓடியது. அவ்வளவுதான். அதன் பிறகு அது ஒரு துணி.

"அண்ணாச்சி, குனிஞ்சு பாருங்க. திருகு எந்தப் பக்கம் இருக்கு?"

"இடது... இடதுல இருக்கு."

"வலதுக்குத் திருப்புங்க. நீங்களே."

நீண்ட இரைச்சல். பிறகு எஞ்சின் சத்தம் சீராக வந்தது. வரிசையாக மற்றவர்கள் பேச ஆரம்பித்தார்கள். கை செத்துப்போச்சே, நான் இப்ப எந்தத் தொட்டியில ஓடிக்கிட்டிருக்கேன், எத்தனை மணிக்கு மாத்தினேன் என்று ஆளுக்கு ஒரு கேள்வி. இரண்டு வருடமாக ஒருவரும் குனிந்து பார்த்ததில்லை. ஜெசிந்தா ஒவ்வொருவருக்கும் ஒரே பதிலைச் சொன்னாள். முதல்ல மீட்டரைப் பாருங்க. ரெண்டு முள்ளையும் பாருங்க. அப்புறம் கையை எடுங்க.

கமோர்ட்டாவில் இறங்கியதும் தாணுமாலயன் ஓடுபாதையிலேயே மல்லாந்து படுத்துவிட்டார். ஜெசிந்தா நேராக ரேடியோ அறைக்குப் போனாள். பத்தொன்பது பேருடைய நேரத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டாள். அவரவர் தரை சேரும் வரை, அவரவர் முப்பதாவது நிமிடத்தில் இவள்தான் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்.

ஹஸீனாவைக் கூப்பிட்டாள். "திருகுட்டி." ஹஸீனா திருகினாள். அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். அவரும் திருகினார், ஆனால் கொஞ்சம் தாமதித்து. மூன்றாவது ஆள் இன்னும் தாமதித்தார். ஏன் என்று கேட்டதற்குச் சும்மாதான் என்றார்.

பிறகு வேலாண்டியின் நேரம் வந்தது.

"அண்ணாச்சி, மீட்டரைப் பாத்துட்டுத் திருகுங்க."

இரைச்சல் மட்டும்.

"அண்ணாச்சி, கேக்குதா? முப்பது ஆயிட்டு. திருகுங்க."

"பொறு, ஜெசி" என்றார் வேலாண்டி. "கையை மடியில விரிச்சு வச்சிருக்கேன். வருதான்னு பாக்கேன்."